நான் தொட்டுக் காட்டிய வெள்ளைத் துண்டுகள்

எங்கள் மூத்த மகன் பிறப்பதற்கு முந்திய மாதங்களில் என் மனைவி ஒரு போர்வை தைத்தாள். அலவத்துகொடையில் அவளுடைய தாய்வீட்டில்தான் நாங்கள் இருந்தோம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவதே வழக்கம். காலையில் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் என் வாப்பாவின் துணிக்கடையில் உட்காருவேன். சீனியர் பரீட்சை வரை ஆங்கிலத்தில் படித்தவன் என்பதால் கடையில் எனக்கென்று ஒரு கதிரையும், மாமி வீட்டில் எனக்கென்று ஒரு மரியாதையும் இருந்தன. இரண்டையும் பெற நான் பெரிதாக எதுவும் செய்திருக்கவில்லை.

போர்வைக்கு அவள் மூன்று நிறங்களை மட்டும் எடுத்துக்கொண்டாள். நான் உடுத்திய பழைய சாரங்களின் நீலம். அவளுடைய வாப்பா கண்மூடி மவுத்தானபோது விட்டுப்போன கோட்டின் தவிட்டு நிறம். மற்றது வெள்ளை. சிவப்பும் பச்சையும் வீட்டில் கிடந்தன, தொடமாட்டாள். ஏன் என்று கேட்டேன். நிறம் கூடினால் பிள்ளைக்குக் கண் கூசும் என்றாள். வேறொரு நாள் கேட்டபோது, மூன்று என்றால்தான் தனக்கு யோசிக்க முடிகிறது என்றாள்.

அளவு கிடையாது, மாதிரி கிடையாது. பாயில் ஒரு துண்டை வைப்பாள். பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்ப்பாள். பிடித்தால் தைப்பாள், பிடிக்காவிட்டால் கோணலாக ஒரு வெட்டு வெட்டி மீண்டும் வைப்பாள். நாளைக்கு எது வரும் என்று அவளுக்கே தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிமட்டம் வைத்துக் காகிதத்தில் சதுரங்கள் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இப்பிடித் தச்சா மூலைக்கு மூல சரியா வரும்."

"சரியா வந்து எனத்துக்கு? பிள்ள அளந்து பாக்கவா போற?"

குசினியிலிருந்து மாமியின் குரல் வந்தது. "மருமகன் கோடு போட்டுத் தந்தா பிள்ள அந்தக் கோட்டுக்குள்ளதான் காலு நீட்டோணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் காகிதத்தை அவள் அடுப்புப் பற்றவைக்க எடுத்ததை நான் மறக்கவில்லை.

பாதிப் போர்வையிலேயே வெள்ளை தீர்ந்துவிட்டது. வெள்ளை நடுவில் வராவிட்டால் நீலமும் தவிடும் சண்டை பிடிக்கின்றன என்று அவளுக்குக் கவலை. "கடையில வெட்டுத்துண்டு ஈக்குந்தானே. கொஞ்சம் கொணாங்களே" என்றாள்.

முப்பதுகளின் நடுவில், கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராக ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலம் அது. மையித்தை அடக்குமுன் சுற்றுகிற கபன் துணி வாங்க அங்கிருந்து ரயிலேறிக் கண்டிக்கு வருவார்கள். அவசரத்தில் கூடுதலாகவே கிழித்துக்கொண்டு போவார்கள். பிறகு அதே வீட்டில் இன்னொருவருக்காக வரும்போது, முந்தி மிஞ்சின துண்டையும் கொண்டு வந்து வாப்பாவின் முன்னால் வைப்பார்கள். அதை வீட்டில் வைத்திருக்க அவர்களுக்குப் பயம். வேறு காலமென்றால் ஏழைகள் யாராவது வாங்கிக்கொள்வார்கள். காய்ச்சல் காலத்தில் யாரும் தொடவில்லை. வாப்பாவுக்கு மறுக்கவும் முடியவில்லை, மறுபடி விற்கவும் முடியவில்லை. பள்ளிவாசலுக்கு அனுப்பலாம் என்று ஒரு சாக்கில் போட்டு வைத்தார்.

நான் அந்தச் சாக்கிலிருந்தும் எடுத்தேன், கடைப் பீஸிலிருந்து விழுந்த வெட்டுத்துண்டுகளையும் எடுத்தேன். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே பீஸ்களில் பிறந்த துணி. ஒன்றாகச் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துணி துணிதானே என்று அன்றைக்கு நினைத்தேன். அன்றைக்கே நினைத்தேனா, பின்னால் நினைத்ததை இப்போது அங்கே கொண்டுபோய் வைக்கிறேனா என்று எனக்கே தெளிவில்லை. மதியம் வாப்பா லுஹர் தொழப் போயிருந்த நேரம் பார்த்து எடுத்தேன் என்பது மட்டும் நிச்சயம். துணி துணிதான் என்றால் நான் ஏன் அந்த நேரத்தைப் பார்த்தேன்?

அவளுக்குச் சந்தோஷம். பிள்ளை பிறப்பதற்குள் போர்வை முடிந்துவிட்டது. நல்ல போர்வை அது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஆனாலும் பார்த்தால் மனம் ஓய்ந்துவிடும். என் சதுரங்களை அவள் எரித்தது சரிதான் என்று அப்போது தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

பேறுகால நாற்பது நாள் கழிந்து சில நாட்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பா பேரனைப் பார்க்க வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே கடைக் கதை பேசினார்.

"இந்தக் கபன் மிச்சத்தப் பள்ளிக்கு அனுப்புவமுண்டு பாத்தா, சாக்குல பாதியக் காணோம். எலி கொண்டு பொய்த்தா, எவனும் கொண்டு பொய்த்தானா? கபன் துணியக் களவெடுக்கிற காலமும் வந்திட்டு" என்று சிரித்தார்.

என் மனைவி பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். பிள்ளை அந்தப் போர்வைக்குள் இருந்தது. அவள் வாப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வாப்பா எழுந்து போனதும் போர்வையின் நுனியைப் பிடித்துக் காட்டினாள்.

"இதுலயா?"

"கொஞ்சம்" என்றேன்.

பிள்ளையை வெறும் பாயில் கிடத்திவிட்டுப் போர்வையைத் தூர எறிந்தாள். பிள்ளை வீரிட்டழுதது. எனக்கு வாதாடத்தான் தெரியும். "ஒங்கட வாப்பாட கோட்டு இதுல ஈக்குதுதானே? அவரும் மவுத்தானவர்தானே? அதுக்கில்லாத பயம் இதுக்கு ஏன்?" என்று கேட்டேன்.

"அது வாப்பா உடுத்தது. இது ஒரு மையித்துட பங்கு. யாருட பங்கெண்டுகூட எனக்குத் தெரியாது." பிறகு போர்வையைத் தானே போய் எடுத்து என் முன்னால் விரித்தாள். "எது எதுண்டு காட்டுங்க. நீங்கதானே கொணந்தீங்க."

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரிந்திருக்காது. தெரியாது என்று சொன்னால் போர்வை முழுவதும் போகும், அவளுடைய வாப்பாவின் கோட்டோடு. அதைவிட, இத்தனை நாளும் பிள்ளை எதற்குள் கிடந்தது என்ற பயம் அவளைவிட்டுப் போகாது. இதெல்லாம் நான் அப்போது யோசித்தேனா? இல்லை, படித்தவன் தெரியாது என்று சொல்வதற்குக் கூச்சப்பட்டேனா? இரண்டும் இருந்திருக்கலாம். விரலை நீட்டித் தொட்டுக் காட்டினேன். இது. இது. இதோ இது. ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

அவள் சின்னக் கத்தரியின் நுனியால் தையலைப் பிரித்துக்கொண்டே வந்தாள். மாமி பிரித்த துண்டுகளை வாங்கி மடித்தார். ஓரத்தில் இருந்த ஒரு துண்டை நான் தொட்டபோது மட்டும் கத்தரி நின்றது.

"இதுவுமா?"

"அதுவுந்தான்."

என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து அதையும் பிரித்தாள்.

ஓட்டைகளில் நீலத்தை வைத்துத் தைத்தாள். முந்திய அழகு அதில் இல்லை. வெள்ளை அங்கங்கே மட்டும், வழி தவறி வந்ததுபோல் நின்றது. அடுத்த நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. மருந்துசாலையில் ஏற்கெனவே கொயினா கொடுத்திருந்தார்கள். நான் அதைச் சொன்னேன். மாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மருமகன் ஒன்று விடாமல் கண்டுபிடித்துத் தந்ததால்தான் பிள்ளை தப்பியது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து ஒரு கலியாணத்துக்குப் புறப்படும்போது என் சட்டையைத் தேடி அலுமாரியைத் திறந்தேன். கலியாணத்தன்று அவள் போர்த்திய வெள்ளைத் துப்பட்டி மடித்து வைத்திருந்தது. அதன் ஒரு மூலை வெட்டப்பட்டிருந்தது. மடிப்புக்குள் ஒரு வெள்ளைத் துண்டு, துவைத்து, தையல் நூல்களெல்லாம் பிடுங்கிச் சுத்தமாக. போர்வையின் ஓரத்திலிருந்து அவள் பிரித்த துண்டு. வெட்டிய மூலையோடு வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. என் துணி வருவதற்கு முன்பே, வெள்ளை போதாமல், தன் துப்பட்டியில் அவள் வெட்டிக்கொண்டது அது. மற்றதை மாமி கமுகந்தோட்டத்தில் புதைத்தபோது இதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறாள்.

ஆகவே, கத்தரி நின்ற அந்த நேரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, நான் வாய்க்கு வந்தபடி காட்டுகிறேன் என்று.

இதற்கு மேல் எனக்கு எதுவும் விளங்குவதில்லை. தெரிந்த பிறகும் நான் காட்டிய மற்றத் துண்டுகளை ஏன் பிரித்தாள்? மாமி முன்னால் என்னைக் காப்பாற்றவா? பிள்ளைக் கவலையில் என் பொய்யாவது கையில் கிடக்கட்டும் என்றா? அதற்குப் பிறகு எந்தக் காரியமானாலும் என்னிடம் கேட்பாள். நான் ஒன்று சொன்னால், "நீங்க சொன்னாச் சரி" என்பாள். முகத்தில் எதுவும் இருக்காது. அது நம்பிக்கையா, குத்தலா என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு தடவை சொல்லத் தொடங்கினேன், "அண்டைக்கு அந்தப் போர்வ" என்று. "பிள்ள நல்லாத்தானே ஈக்கிறான்" என்று எழுந்து போய்விட்டாள். நானும் பின்னால் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

அவள் மவுத்தாகிவிட்டாள். மன்னிப்புக் கேட்பதென்றால் துணியை எடுத்ததற்குக் கேட்பதா, விரலை நீட்டியதற்கா, அல்லது என் பொய்யை அவள் கண்டுகொண்டது எனக்குத் தெரியும் என்பதை அவளிடம் கடைசிவரை மறைத்ததற்கா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நான் தவறாகக் காட்டினேன் என்றால், பிரித்த பிறகும் கபன் மிச்சம் அந்தப் போர்வையில் இருந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். அப்படியும் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போதெல்லாம் மகன் அதைப் போர்த்திக்கொண்டுதான் கிடப்பான். நான் வீட்டில் இல்லாத பகல்களில் அவள் அவனுக்கு எதைப் போர்த்தினாள் என்று மாமியிடம்கூட நான் கேட்டதில்லை.