ஒரு பக்கம்கூட நான் காப்பி பண்ணவில்லை

அந்த மடிக்கணினியின் மொத்தக் கொள்ளளவு முப்பத்திரண்டு ஜிபி. அதில் பாதிக்கு மேல் விண்டோஸே பாய் விரித்துப் படுத்திருந்தது. மிச்சத்தில் அக்காவின் பாடங்கள், அப்பாவின் கோயில் கமிட்டிக் கடிதங்கள், அம்மா சேமித்து வைத்த கோலப் படங்கள். தினமும் நான்கு மணியிலிருந்து ஐந்து மணி வரை அதைத் தொடலாம் என்பது மட்டுமே பதினொரு வயதான எனக்கு இருந்த உரிமை.

என் சொத்து அதற்கு வெளியே இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, கொடுத்திருந்த கறுப்பு ஹார்ட் டிஸ்க். உள்ளங்கை அளவுதான். அதற்குள் ஆயிரத்துச் சொச்சம் காமிக்ஸ், அவர் பல வருடமாக எங்கெங்கிருந்தோ சேர்த்தவை. மாமா கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். பிறையில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. டத்தோ கிராமாட்டில் நான்காம் மாடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வருவார்.

முப்பது வயது ஆண் காமிக்ஸ் வைத்திருப்பதை அப்பா ஒரு நோயின் அறிகுறியாகவே பார்த்தார்.

"பொம்ம புக்கு படிக்கிற வயசாடா இது?"

"வயசாச்சி மச்சான், எழுத்து தெரிய மாட்டேங்குது. அதான் பொம்ம," என்பார் மாமா.

டிஸ்க் வந்த முதல் வாரத்திலேயே நான் ஐம்பது புத்தகங்களை மடிக்கணினியில் ஏற்றிவிட்டேன். அது உறைந்து நின்றது. அக்காவின் பள்ளி வேலை ஒன்று சேமிக்க முடியாமல் போனது. அப்பா துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. ஒருவர் வாயால் சொன்னதை வைத்தே அவரை எடை போடுகிறவர். அவர் என்னை அடிக்கவில்லை. சாமி மேடைக்கு முன் நிறுத்தி, விளக்கேற்றி, சத்தியம் செய்யச் சொன்னார். "இனிமே ஒரு பக்கங்கூட லேப்டாப்புல காப்பி பண்ண மாட்டேன்." மீறினால் டிஸ்க் மாமாவிடமே திரும்பிப் போகும். அப்பா இன்னொன்றும் சொன்னார்: லேப்டாப் நிறைந்தால் காலி பண்ணிக்கொள்ளலாம், சாமி முன்னால் பொய் சொன்ன வாயை ஒன்றும் பண்ண முடியாது.

அதன்பின் டிஸ்கிலிருந்தே நேராகப் படித்தேன். மாமா ஏற்றிக் கொடுத்த ஒரு வாசிப்புச் செயலியில் புத்தகம் திறக்கும். டிஸ்கை இணைக்கும் ஒயர் தளர்ந்திருந்ததால் இடது முழங்காலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசைந்தாலும் 'டிக்' என்று ஒரு சத்தம், பக்கம் போய்விடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏழு வரை எண்ணுவேன். படம் மேலிருந்து கீழாக இறங்கும். முதலில் முடி, பிறகு நெற்றி, பிறகு கண். கத்தி வைத்திருப்பவன் எப்போதும் பக்கத்தின் கீழ்ப்பாதியில்தான் இருப்பான்.

"ஏண்டி சும்மா கால ஆட்டற?" என்பாள் அம்மா.

"ஆட்டலம்மா, ஒயர புடிச்சிக்கிட்டு இருக்கேன்."

கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒரு பெண், கடல் கொள்ளையர்களைத் துரத்தும் கதை. நாற்பத்தொரு பாகம். பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் பாகம், தேதி, ஒயர் எத்தனை முறை விட்டது என்று மூன்று வரிசை எழுதி வைத்தேன். ஒரு விஷயம் மட்டும் எந்த வரிசையிலும் அடங்கவில்லை. முன்பு படித்த பாகத்தைத் திரும்பத் திறந்தால் பக்கங்கள் சட்டென்று வந்தன. டிஸ்குக்கு நான் பழகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தெட்டாம் பாகத்தில் இருந்தபோது அந்தச் சனிக்கிழமை வந்தது.

அக்கா ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். தன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசி, பதிவு செய்து, அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு, பின்னால் போர்வை கட்டி, பவுடர் பூசி, மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். மூன்றாவது நிமிடத்தில் பதிவு நின்றது. இடம் இல்லை. கோலப் படங்களை அழித்தார்கள். மறுபடியும் மூன்றாவது நிமிடம். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

"நீதானே?" என்றாள் அக்கா.

"நான் இல்ல."

"பின்ன, பேய் வந்து காப்பி பண்ணிச்சா?"

அப்பா என் முன்னால் வந்து நின்றார். "என்னப் பாத்துச் சொல்லு."

"சாமி சத்தியமா, ஒரு பக்கங்கூட காப்பி பண்ணலப்பா."

அப்பா கத்தவில்லை. ஹார்ட் டிஸ்கை எடுத்து ஐஸ்பெட்டியின் மேல் வைத்தார். "ரெண்டாவது தடவ சாமி பேர இழுக்காத," என்றார். அதற்குப் பிறகு என் பக்கம் பார்க்கவே இல்லை.

வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மாமாவை அம்மா போனில் எழுப்பினாள். நான் மாடி நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றேன். மூன்று மணி. மூன்றரை. வந்த மோட்டார் எல்லாம் வேறு யாருடையதோ. உள்ளே அக்கா தன் வசனத்தை முணுமுணுத்தபடி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். வேர்வையில் பவுடர் கோடு கோடாக இறங்கியது. மாமா வந்தால் உண்மை தெரிந்துவிடும், அப்பா என்னைப் பார்ப்பார். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நான்கு பத்துக்கு மாமா வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே இருந்தது.

"ஃபெரி லேட்டு லா," என்றபடியே உட்கார்ந்தார். "நீ எதுல படிச்ச?"

"நீங்க போட்டுக் குடுத்ததுலதான்."

"ஓ," என்றார். நாலைந்து இடத்தில் அழுத்தினார். ஒரு ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பா அவர் தோளுக்குப் பின்னால் வந்ததும் அதை மூடிவிட்டார்.

"என்னா தம்பி இருக்கு உள்ள?"

"என்னோடது மச்சான். போன வாரம் கொஞ்சம் படம் ஏத்தி வச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

மாமா எதையோ அழித்தார். இடம் வந்துவிட்டது.

"புள்ளய சாமி முன்னால நிக்க வச்சி சத்தியம் கேட்டேன்டா," என்றார் அப்பா. "நீ சாவகாசமா மறந்துட்டேன்ற."

"தப்புதான் மச்சான்."

அக்கா ஒரே மூச்சில் பேசி முடித்து, ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். பின்னால் அவளுக்கு இடமும் கிடைத்தது. அப்பா ஹார்ட் டிஸ்கை இறக்கி என் கையில் வைத்து, என் தலையைத் தொட்டு, "நீ படி" என்றார். அப்பா மன்னிப்புக் கேட்டது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

நான் அதோடு நிற்கவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாமாவிடம் போய் டிஸ்கை நீட்டினேன்.

"எனக்கு வேணாம். ஒண்ணு, நீங்க எங்கிட்ட சொல்லல. ரெண்டு, நான் திட்டு வாங்கறப்ப நீங்க தூங்கினீங்க."

"மூணு?"

"மூணு யோசிச்சிச் சொல்றேன்."

"சரி லா. எழுதி அனுப்பு," என்று டிஸ்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மிச்சப் பாகங்களை நான் இன்றுவரை படிக்கவில்லை.

இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். போன வருடம் எங்கள் பிரிவில், இயந்திரக் கையேடுகளைப் படிக்கும் சின்ன டேப்லெட் ஒன்று அடிக்கடி நிறைந்துபோனது. யாரும் எதையும் ஏற்றவில்லை என்று சாதித்தார்கள். திறந்து பார்த்தேன். வாசிப்புச் செயலி, திறந்த ஒவ்வொரு பக்கத்தையும், அடுத்த முறை சீக்கிரம் காட்டுவதற்காக, தானாகவே உள்ளே பிரதி எடுத்து வைத்திருந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்கள். அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை.

நான் காப்பி பண்ணவில்லை என்பது உண்மை. நான் படித்த பக்கமெல்லாம் அந்த மடிக்கணினிக்குள் இருந்ததும் உண்மை. மாமா அந்த ஜன்னலை மூடாமல் விட்டிருந்தால், கலங்கரை விளக்கத்துப் பெண்ணின் முகத்தை அப்பா ஆயிரம் முறை பார்த்திருப்பார். செயலியின் வழக்கத்தை அந்த நேரத்தில் அவரிடம் யாராலும் விளக்கியிருக்க முடியாது. அக்காவுக்கு இருந்ததோ முக்கால் மணி நேரம். மாமா இருப்பதிலேயே சின்ன பதிலாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். அப்போதுதான் அவள் மற்றதைச் சொன்னாள். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் அப்பா நிபோங் திபாலுக்குப் போவதாக இருந்தது, மாமாவுக்குப் பெண் கேட்க. பைராம் தோட்டத்துப் பெண், மாமாவோடு வேலை செய்தவள். மாமாவும் அவளும் தங்களுக்குள் பேசி முடிவு செய்திருந்தார்கள். தகப்பன் இல்லாத பையனுக்காகப் போய்ப் பேச ஒரு பெரியவர் மட்டும் தேவைப்பட்டது. சனிக்கிழமை இரவு அப்பா, "இவ்ளோ பொறுப்பில்லாதவனுக்கு நான் எப்படி வாக்கு குடுக்கறது? கொஞ்ச நாள் போகட்டும்," என்றிருக்கிறார். தம்பியிடம் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. அந்தக் கொஞ்ச நாளுக்குள் பெண் வீட்டில் வேறு இடம் முடித்துவிட்டார்கள். மாமாவுக்கு நான்கு வருடம் கழித்துக் கல்யாணம் ஆனது, நன்றாகத்தான் இருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமா காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் பளபளப்புத் தாள் சுற்றிய பழக்கூடை. அப்பா கைலியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அம்மா கூடையை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் தோசை ஊற்றப் போனாள். மாமா அப்பாவின் கைலியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தோசையைச் சாப்பிட்டார். பதினோரு மணிக்கு எழுந்து, "சரிக்கா, கெளம்பறேன்," என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தப்பு செய்தவர் இப்படித்தான் ஒரு காலைப் பொழுது முழுவதும் யாரும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. அவர் மோட்டாரை உதைக்கும் சத்தம் கீழே கேட்டதும், கூடையின் தாளைப் பிரித்து, இருப்பதிலேயே பெரிய ஆப்பிளாகப் பார்த்து எடுத்துக் கடித்தேன்.