பாங்கு நேரத்தில் பூஸ்ட்

கல்முனைக்குடியில் படகு எஞ்சின் கழற்றிப் பூட்டுவதில் எனக்கு நிகர் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். படகு கரை தொடுமுன்பே சத்தத்தைக் கேட்டு நோவு எங்கே என்று சொல்லிவிடுவேன்.

அந்தக் காதை நம்பித்தான் கம்ப்யூட்டரில் சண்டை விமானம் ஓட்டவும் இறங்கினேன். அதில் பூஸ்ட் என்று ஒரு கைபிடி. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும். அசல் விமானம் போலவே செய்திருக்கிறார்கள்: கடைசித் தடுப்பைத் தாண்டித் தள்ளினால் அம்பாகப் போகும், ஐந்து நிமிடத்துக்குமேல் வைத்தால் எஞ்சின் வெடிக்கும். அளவு காட்ட ஒரு முள் உண்டாம். நான் பார்த்ததில்லை. சத்தம் கரகரத்ததும் பின்னுக்கு இழுப்பேன், அவ்வளவுதான்.

அக்கரைப்பற்றில் இருக்கும் மனைவியின் அண்ணன், ஓய்வு பெற்ற கிளாக்கர், முள்ளை மட்டுமே பார்ப்பவர். ஒரு பின்னேரம் அவரவர் வீட்டிலிருந்தபடி மோதினோம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. யார் விமானம் விழுகிறதோ அவர் மறுநாள் கலியாண விருந்தில், "எஞ்சின் எனக்குத் தெரியாது, மச்சானிடம் கேளுங்கள்" என்று எழுந்து சொல்ல வேண்டும். என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த விருந்துக்கு வருவார்கள்.

மச்சான் என் விமானத்தின் முதுகில் ஏறிவிட்டார். பூஸ்ட்டைக் கடைசித் தடுப்பையும் தாண்டித் தள்ளினேன். எஞ்சின் அலறியது. காதைத் தீட்டிக்கொண்டு கரகரப்புக்காகக் காத்திருந்தேன்.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது.

கை தானாகவே போய்க் கம்ப்யூட்டரின் சத்தத்தை அடைத்தது. பட்டறையில் பாங்கு கேட்டால் ஓடுகிற எஞ்சினையும் நிறுத்துகிறவன் நான். இங்கே நிறுத்தினால் விமானம் விழுந்துவிடும். திரை ஊமையாகிவிட்டது. போனில் மட்டும், அங்கத்தைய பாங்குக்கும் மேலாக, மச்சானின் எஞ்சின் உறுமல்.

"ஓடுங்க மச்சான், ஓடுங்க! ஒலுவில் கடல் வரைக்கும் விரட்டுவன்!"

ஒரு பள்ளிவாசல் பாங்கை முடிக்க அடுத்தது தொடங்கியது. சத்தத்தைக் கூட்டக் கை போகவில்லை. முள்ளைத் தேடினேன். பத்துப் பன்னிரண்டு வட்டங்கள், எல்லாம் இங்கிலீஷ். எது பூஸ்ட்? வியர்வை கண்ணில் இறங்கியது. குத்துமதிப்பாகக் கைபிடியை இழுப்பதற்குள் கரும்புகை எழுந்தது. விசிறி நின்றது, விமானம் விழுந்தது.

மறுநாள் விருந்தில் ஆறு பேர் ஒரே தட்டில் உண்ணும் சஹனில் மச்சானும் நானும் பக்கத்தில் பக்கத்தில்.

"எழும்புங்க மச்சான். எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க."

எழுந்தேன். சொன்னேன். சபை சிரித்தது. என் வாடிக்கைக்காரர் ஒருவர், "இனி மோட்டர அக்கரைப்பற்றுக்குக் கொண்டு போறதா காக்கா?" என்றார். உட்கார்ந்து, சஹனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"ஒங்கட எஞ்சின் நல்லா ஓடிச்சு மச்சான். பாங்கு முடியும் வரைக்கும் போன்ல கேட்டுக்கிட்டே இருந்தன்."

மச்சானின் கை சோற்றில் நின்றது. பிறகு தன் பக்கத்திலிருந்த பெரிய இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளினார். எடுத்துத் தின்றேன்.