மதகு திறக்காத இரண்டாம் பாகம்

வெர்னா லிண்ட்குவிஸ்ட்டுக்கு எங்கள் ஊரில் இரண்டு வேலை. காலையும் மாலையும் ஏழாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுவார். நடுவே கிடைக்கும் ஐந்து மணி நேரம் ஆற்றங்கரைத் தெருப் புத்தகக் கடையில் நிற்பார். வயது ஐம்பத்தெட்டு. மினசோட்டாக் குளிரிலும் கையுறை போடமாட்டார், பக்கம் புரட்ட முடியாதாம். அதே கடையில் நானும் வேலை பார்ப்பதால் சொல்கிறேன்: ஒரு புத்தகம் பிடித்துவிட்டால் அவருக்குக் கால் தரையில் பாவாது.

படித்துப் பிடித்த புத்தகத்துக்குக் கீழே, ஏன் பிடித்தது என்று சின்ன அட்டையில் கையால் எழுதித் தொங்கவிடுவது எங்கள் கடை வழக்கம். எழுதியவர் பெயரும் இருக்கும். வெர்னாவின் அட்டை என்றால் ஊருக்கே நம்பிக்கை. கடைசிப் பக்கம் வரை படிக்காமல் அவர் பேனாவைத் திறந்ததில்லை.

'பதின்மூன்றாம் மதகு' நாவலுக்கும் அவர்தான் எழுதினார். அணைக்குக் கீழே ஒரு நகரம், தண்ணீரை அளந்து ஊற்றும் அரசு. பதினாறு வயதானவர்களுக்குக் குலுக்கல் நடக்கும், பெயர் விழுந்தால் மதிலுக்கு வெளியே. ரென் என்கிற பெண் காவலை ஏமாற்றிவிட்டு மதகுச் சக்கரத்தில் கை வைக்கிறாள். அத்தோடு முதல் பாகம் முடிந்துவிட்டது! திருப்பினாளா, இல்லையா? இரண்டு வருஷமாகப் பேருந்தில் இதே வழக்குத்தான். புத்தகத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பதினான்கு வயது ஜோலின்கூட, வெர்னாவின் அட்டையைப் பார்த்து எடுத்து மூன்று முறை படித்துவிட்டாள்.

இரண்டாம் பாகம் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை வெளியாகும் என்று தகவல் வந்தது. கதை வெளியே கசியக் கூடாதென்று பதிப்பகத்தார் இந்த முறை, வெளியீட்டுக்கு முன்பே படித்துப் பார்க்கக் கடைகளுக்குத் தரும் முன்பிரதியை அனுப்பவில்லை. அங்கேதான் வெர்னா சறுக்கினார். ஆசை தாங்காமல், படிக்காமலே எழுதிவிட்டார்: "முதல் பாகத்தைத் தூக்கிச் சாப்பிடும். என்னை நம்புங்கள்." ஒரு மாதம் அது கடை ஜன்னலில் தொங்கியது.

திங்கள் காலை பெட்டிகள் வந்தன. மறுநாள்வரை விற்கக் கூடாது, நாங்கள் படிக்கலாம். வெர்னா ஒரு பிரதியைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் நின்ற பேருந்துக்குள் போய் உட்கார்ந்தார். பத்து மணிக்கு நான் காப்பி கொண்டுபோனேன். நிமிராமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பன்னிரண்டுக்குப் போனபோது முதல் காப்பியே ஆறிக் கிடந்தது. இரண்டு மணிக்கு உள்ளே வந்தார்.

"சக்கரம் சிக்கிக்கிச்சாம்" என்றார்.

"எது?"

"மதகுச் சக்கரந்தான். முதல் பக்கத்துலயே துருப்பிடிச்சுச் சிக்கிக்கிச்சாம். அவளைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுட்டாங்க. அங்க உக்காந்துக்கிட்டு, இந்தப் பையனா அந்தப் பையனான்னு முந்நூறு பக்கம் யோசிக்கிறா. கடைசிப் பக்கத்துலதான் தப்பிச்சு வர்றா."

"வந்து?"

"மறுபடி சக்கரத்துல கை வைக்கிறா. முடிஞ்சிருச்சு!"

நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் சுற்றிவந்தும் பழைய குருடி கதவைத் திறடிதான்.

வெர்னா நேரே ஜன்னலுக்குப் போனார். கடைக்காரர் க்ளென் மறுநாள் மாலை வெளியீட்டு விழாவுக்காக அட்டைப்பெட்டியில் ஆளுயர மதகுச் சக்கரம் செய்துகொண்டிருந்தார். பெயிண்ட் பிரஷ்ஷோடு குறுக்கே வந்தார்.

"வெர்னா, நாளைக்கு நாப்பது பசங்க வர்றாங்க. அந்த அட்டை இருந்துட்டுப் போகட்டுமே. புத்தகத்தை என்ன நீயா எழுதினே?"

"அட்டைய நான்தானே எழுதினேன், க்ளென்."

"பசங்களுக்குப் பிடிச்சுப்போனா?"

"நல்லாப் பிடிக்கட்டும். ஆனா என்னை நம்புங்கன்னு எழுதித் தொலைச்சிருக்கேனே! இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஜோலின்கிட்ட ஒரு புத்தகத்தை நீட்டுவேன்?"

எனக்கோ வேறு கவலை. விழா கலைந்துபோனால்? ஜோலின் அழுதுவிட்டால்?

என் மகளும் ஏழாம் எண்ணில்தான் போகிறாள். செவ்வாய் காலை நடந்ததை அவள் சொன்னாள். ஏறினதிலிருந்தே எல்லாரும் "படிச்சீங்களா மிஸ் வெர்னா? திருப்பிட்டாளா?" என்று பிடுங்கியெடுத்தார்களாம். தண்டவாளம் வந்தது. பள்ளிப் பேருந்து அங்கே நின்று, கதவைத் திறந்து, ரயில் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். அதுவரை யாரும் மூச்சு விடக் கூடாது. அன்று ரயில் ஏதும் இல்லை. ஆனாலும் குளிர் உள்ளே வர வர வெர்னா கதவைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் அக்கரை சேர்ந்ததும் ஒரே வார்த்தை: "சாயங்காலம் அட்டையப் பாருங்க."

மாலை நாலு மணிக்குக் கதவே பெயர்ந்துவிடும்போல் நுழைந்தார்கள். நாவலில் வருகிறவர்களைப்போல வேஷம் வேறு: ஒருத்தி நீலத் தலைமுடி, இரண்டு பேர் கையில் அரசு முத்திரை! பழைய அட்டைக்குக் கீழே புதிதாக ஒன்று தொங்கியது. ஜோலின் உரக்கப் படித்தாள்:

"மேலே உள்ளதைப் படிக்காமலே எழுதினேன். தப்பு என்னுடையது. இப்போது படித்துவிட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு நாற்பது பக்கம் அபாரம். எந்த நாற்பது என்று சொல்லமாட்டேன்."

க்ளென் சூடான ஆப்பிள் சாற்றை ஊற்றுவதை நிறுத்திவிட்டார்.

"படிக்காமலா எழுதினீங்க, மிஸ் வெர்னா?" ஜோலினின் குரலில் சிரிப்பே இல்லை.

"ஆமா."

"நான் ஸ்கூல்ல அப்படி எழுதினா பூஜ்யம் போடுவாங்க."

வெர்னா பேனாவை நீட்டினார். "போடு."

ஜோலின் யோசித்தாள். பிறகு பழைய அட்டையின் மேல் ஓரத்தைத் தொடும் அளவுக்குப் பெரிய பூஜ்யம் ஒன்று வரைந்தாள். யாரோ கைதட்டினார்கள். அவ்வளவுதான், புத்தகம் அடுக்கியிருந்த மேசைமேல் கூட்டம் பாய்ந்தது.

"அந்த நாப்பது பக்கத்த நான்தான் முதல்ல கண்டுபிடிப்பேன்!"

"நீயா? நீ அட்டைப்படத்தையே ஒரு வாரம் பாப்பே!"

புதன்கிழமை பேருந்தில் ஒரு சத்தமில்லையாம், எல்லாத் தலையும் குனிந்தபடி. வியாழன் அன்று வெடித்தது. சுரங்கப் பாதைதான் என்று ஒரு கட்சி, ஜெயில் சமையல்காரி வரும் பகுதி என்று இன்னொரு கட்சி. யார் கேட்டாலும் வெர்னா சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே போனாராம்.

வெள்ளி காலை ஜோலின் ஏறி, படியிலேயே நின்றாளாம்.

"மோசம், மிஸ் வெர்னா. நீங்க சொன்னதவிட மோசம்."

"அப்படியா?"

"ஆனா அந்தச் சமையல்காரி இருக்காளே..." அவள் கண் விரிந்தது. "சரி, அடுத்து எதப் படிக்கலாம்? படிச்சுட்டுச் சொல்லுங்க."

அன்று ஒன்பது மணிக்குக் கடைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தார் வெர்னா. கோட்டைக் கழற்றவில்லை. மற்ற புத்தகங்களின் முன்பிரதிகள் கிடந்த பெட்டியைத் தூக்கி அப்படியே மேசையில் கவிழ்த்தார்.

"ஜோலின் அடுத்த புத்தகம் கேட்டுட்டா!" என்று கத்தினார். "சீக்கிரம் வா, எத முதல்ல படிக்கட்டும்?"