சோயா முட்டை

என் கணவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்று மதியம், அவித்து உரித்த முட்டைகளை சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, பச்சை மிளகாயோடு கொதிக்க விட்டிருந்தேன். கொரியாக்காரர்கள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

நரிக்குடியிலிருந்து வந்திருந்த கணவரின் அக்கா சட்டியை எட்டிப் பார்த்தார்.

“என்ன இது, கருகருன்னு? எந்தம்பி போயி வருசம் திரும்பல, அதுக்குள்ள ஒனக்கு நாக்கு கேக்குதோ?”

“ஆமா மதினி, கேக்குது,” என்றேன். “அவுக இருந்தவரைக்கும் அவுகளுக்குப் பிடிச்சதத்தான் ஆக்குனேன். இனி எனக்குப் பிடிச்சத ஆக்குவேன்.”

அடுப்பை அணைக்கவில்லை. அவர் சாப்பிடாமலே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். நான் சுடுசோற்றில் அந்தச் சாற்றை ஊற்றி, இரண்டு முட்டைகளைப் பிட்டு வைத்து, வாசல் கதவைச் சாத்தாமல் நிதானமாகச் சாப்பிட்டேன்.