பால் கேனில் விழுந்த கரி

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது நடந்தது. எனக்கு நடந்தது. என் அக்கா இன்று உயிரோடிருப்பதே அதற்குச் சாட்சி.

அக்காவுக்கு அரசாங்கமும் ஆகாது, தலைவர்களும் ஆகாது. அவளைப் போன்றவர்கள் வருடத்தில் மூன்று நாள், ஊருக்கு வெளியே ஓர் ஓடைக்கரையில் கூடாரம் அடித்துக் கூடுவார்கள். போன வருடம் அவளால் போக முடியவில்லை. இந்த வருடம் துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள். நான் தச்சன். கொள்கை, கிள்கை எதுவும் கிடையாது.

அங்கே தலைவர் இல்லை. வருகைப் பதிவு இல்லை. யாரும் யாரையும் பேர் கேட்பதில்லை. எந்த முடிவானாலும் மூடி போட்ட பால் கேன்தான். சம்மதம் என்றால் வெள்ளைக் கூழாங்கல் போட வேண்டும். மறுப்பு என்றால் கரித்துண்டு. ஒரே ஒரு கரி விழுந்தாலும் முடிவு நின்றுவிடும்.

இரண்டாம் நாள், மாலை 5.40. கொட்டும் மழை. அக்காவுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. உறிஞ்சுகிற மருந்து காலி. ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். இருந்தது ஒரே வண்டி, எங்களோடு முகாமில் இருந்த ரொட்டிக்காரரின் வேன். ஆனால் முகாமில் அது எல்லோருக்கும் பொது. ஓடையும் ஏறிக்கொண்டிருந்ததால், எல்லோரும் கிளம்பிவிடலாமா என்று கேனை வைத்தார்கள்.

நாங்கள் பதினான்கு பேர். கேனைக் கவிழ்த்தேன்.

பதினான்கு வெள்ளைக் கல்.

ஒரு கரி. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"யாரு ரெண்டு போட்டது? விளையாட நேரமாய்யா இது?"

அந்தக் குளிரிலும் ரொட்டிக்காரருக்கு வியர்த்திருந்தது.

"வண்டி நகராது தம்பி."

"தலைவரே வேணாம்னீங்க. இப்ப கரித்துண்டுதான் தலைவராண்ணே?"

"கரி விழுந்தா நகராது. இந்த வருஷம் நகராது."

5.55. கரிக்கூடையை அப்படியே ஓடையில் கொட்டினேன். இனி முகாமில் ஒரு துண்டு கரி கிடையாது. ஒவ்வொருவர் உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் போட விட்டேன். கவிழ்த்தேன்.

பதினான்கு வெள்ளை. ஒரு கரி.

இந்த முறை அதில் ஓடை மணல் ஒட்டியிருந்தது...

6.05. அக்காவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரையோ... விட்டுட்டுப் போறோம்டா..."

எனக்கு என்ன தோன்றியதோ, மழையைப் பார்த்துக் கத்தினேன்.

"யாரா இருந்தாலும் சரி! நீங்களும் ஏறுங்க! இடம் இருக்கு!"

கேனை யாரும் தொடவில்லை. போட்ட மூடி போட்டபடியே இருந்தது.

கேனுக்குள் டங்...

மறுபடி கல்லைப் போட்டோம். கவிழ்த்தேன்.

கரி இல்லை.

பதினைந்து வெள்ளை.

ஒன்று மட்டும் ஈரம்.

ரொட்டிக்காரர் வண்டியைக் கிளப்பினார். ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஆனால் வேனின் பின்னால் உட்காரும் பலகையின் ஓரத்தில் ஓர் ஆள் அகலம் காலியாகவே வந்தது. அங்கே யாரும் உட்காரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

6.41க்கு ஆஸ்பத்திரி. அக்கா பிழைத்துக்கொண்டாள்.

பதினைந்து நாள் கழித்து ரொட்டிக்காரர் போன் செய்தார்.

"போன வருஷமும் இதே மழை தம்பி. கேனைக் கவுத்தது நான். ஒரு கரி கிடந்துச்சு. கிளம்புற அவசரத்துல அதை ஓடையில வீசிட்டு, எல்லாருக்கும் சம்மதம்னு சொல்லிட்டேன். ஒரு பொண்ணு வண்டியில ஏறல. பேர் கேக்குற வழக்கம் இல்லையே... ஆள் குறையறது யாருக்குமே தெரியல. மூணு நாள் கழிச்சு அவளைப் பொணமா ஓடையில எடுத்தாங்களாம்."

கையிலிருந்த உளியைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பின்பலகை, தம்பி... தினமும் கழட்டி வெயில்ல வைக்கிறேன். ஓரம் மட்டும் காயவே மாட்டேங்குது."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவளை நீதானே ஏறச் சொன்னே... இறங்கச் சொன்னியா?"

நான் சொல்லவில்லை.