தனி இலை

தனபாலனுக்கு வாய் கொஞ்சம் நீளம். பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோகிற லோரிக்காரர். நாள் முழுக்கத் தனியாக ஓட்டுகிற மனிதருக்குப் பேச்சுத் துணை கிடைத்தால் விடுவாரா? எண்பத்து நாலில் லோரிக்குள் ஒரு சிபி ரேடியோ செட்டை மாட்டிக்கொண்டார். அதோடு துணைக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று.

அந்தச் செட்டில் பொத்தானை அமுக்கிப் பேசினால், வட்டாரத்தில் அதே சானலில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். யார் முகமும் யாருக்கும் தெரியாது. சொந்தப் பெயரை யாரும் சொல்வதும் இல்லை. தனபாலன் அங்கே ‘செம்பனை’. பட்டணத்தில் தையல் கடை வைத்திருந்த அமராவதி ‘ஊசி’. கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக்கடை நடத்திய ஜாபர் ‘சுக்குமல்லி’.

மதியச் சாப்பாடு முடிந்ததும் சானல் களைகட்டும். “ஒங்க வீட்டுல இதுக்கு என்னா செய்வீங்க?” என்று யாராவது ஆரம்பித்துவைத்தால் போதும். முனியாண்டி சாமிக்குத் தோட்டத்தில் சுருட்டு படைப்பதைத் தனபாலன் ஒருநாள் சொன்னார். ஜாபர் சிரிக்கவில்லை. “பத்த வச்சுப் படைப்பீங்களா தம்பி, இல்ல சும்மாவா?” என்று அக்கறையாகக் கேட்டார். பூர்வீகமான கீழக்கரையில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார் என்று ஜாபர் சொன்னபோது அமராவதி கத்தியே விட்டாள். “அப்படின்னா மாமியா தொல்லையே இல்லலா! நான் அங்கயே பொறந்திருக்கணும் பாய்!”

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததைத் தனபாலனின் வாய்தான் கெடுத்தது. விருந்தில் சகன் வைப்பதைப் பற்றி ஒருநாள் ஜாபர் ஆசையாகச் சொன்னார். பெரிய தட்டு, சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது.

“நாலு கையும் ஒரே தட்டுலயா? எச்சிலு பாய், எச்சிலு! எனக்கெல்லாம் கொமட்டிக்கிட்டு வந்துரும்லா!”

சானலே சிரித்தது. சிரிப்பு கிடைத்ததும் தனபாலனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும், “சுக்குமல்லி, இன்னிக்கு யாரு எச்சிலு?” என்றுதான் பேச்சையே தொடங்கினார். ஜாபரும் கூடச் சிரித்துவைத்தார். பிறகு அவர் பேச்சு குறைந்தது. தனபாலன் அதைக் கவனிக்கவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஜாபர் தன் மகள் நஜீபாவின் கல்யாணத்துக்குச் சானலிலேயே அழைப்பு வைத்தார். “எல்லாரும் வரணும். வாசல்ல பேரச் சொல்லுங்க. வீட்டுப் பேரு இல்ல, இங்க உள்ள பேரு.”

புக்கிட் பெலிம்பிங்கில் வீட்டை ஒட்டிப் பந்தல். தனபாலன் சலவைச் சட்டையோடு போய், வாசலில் ‘செம்பனை’ என்று மெதுவாகச் சொன்னார். ஜாபர் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “வாங்க தம்பி, வாங்க! கொரலுக்கு ஏத்த ஒடம்புதான்!”

பந்தல் முழுக்கப் பாய் விரித்து, தட்டுத் தட்டாகச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஜாபர் அவர்களையெல்லாம் தாண்டி அவரை ஓர் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே சின்னப் பாய், கழுவிப் போட்ட வாழை இலை, ஒரு டம்ளர்.

“ஒங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுல்ல? அதான் தனியா எல போடச் சொன்னேன். யாரு கையும் படாத சோறு தம்பி.”

குத்தலாகச் சொல்லியிருந்தால் தனபாலன் பதிலுக்குப் பேசியிருப்பார். ஜாபர் முகத்தில் கரிசனம் மட்டும்தான் இருந்தது. சோற்றையும் கறியையும் அவரே பரிமாறிவிட்டு அடுத்த விருந்தாளியைக் கவனிக்கப் போனார்.

தனபாலனுக்கு அப்பா இராமையாவின் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் கூலியாட்களை மேய்த்த மண்டோர் ரெங்கசாமி வீட்டுக் கல்யாணத்தில், சாதியைப் பார்த்து, அப்பாவுக்கு மாட்டுக் கொட்டகை ஓரமாகத் தனி இலை போட்டார்கள். அப்பா தலையைத் தூக்காமல் தின்றுவிட்டு வந்தார். அந்த மண்டோரைத் தனபாலன் இன்றுவரை திட்டாத நாளில்லை. ஆனால் அப்பாவுக்கு விழுந்தது அடுத்தவன் போட்ட இலை. இந்த இலையைத் தனபாலன் தன் வாயாலேயே கேட்டு வாங்கியிருந்தார். நாலு பேர் கை பட்டால் எச்சில் என்று சொன்னது மண்டோரின் வாய் அல்லாமல் வேறென்ன?

பக்கத்துச் சகனில் மூன்று பேர்தான் இருந்தார்கள். போய் உட்கார்ந்துவிடலாம். ஆனால் இடம் கேட்க வாயைத் திறக்க வேண்டும். முகம் தெரியாத அந்தப் பந்தலில் குரல் காட்டிக்கொடுத்துவிடும். இலையில் இருந்த சோற்றைத் தொடவில்லை. எழுந்து அந்தச் சகனுக்குப் போனார்.

“இங்க... எனக்கு ஒரு எடம் கெடைக்குமா?”

தட்டுக்குப் போன கை ஒன்று அப்படியே நின்றது. அது ஷேக் தாவூதின் கை. ஜாபர் கடைச் சமையல்காரர். செட் இருந்தது அவருடைய அடுப்படியில்தான்.

“செம்பனைதானே?”

“ஆமாங்க.”

“அந்த எச்சிலு...”

“நான்தாங்க சொன்னேன். தப்பு.”

ஷேக் தாவூது அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் விட்டார். கறித்துண்டு ஒன்றைப் பிய்த்து அவர் பக்கமாகத் தள்ளினார். “சாப்புடுங்க.”

தனபாலன் கையை வைத்தார். நிமிர்ந்தபோது ஜாபர் தண்ணீர்ச் செம்போடு அந்த ஓரத்தில் நிற்பது தெரிந்தது. ஆளில்லாத இலையை ஜாபர் பார்த்தார். பரிமாறிய சோறு வீணாகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, சின்னப் பாயில் உட்கார்ந்து தானே சாப்பிடத் தொடங்கினார். மகள் கல்யாணத்தில், பெற்ற தகப்பன், ஓரமாக, தனி இலையில்.

“பாய்!” என்று கூப்பிட்டார் தனபாலன். பந்தலில் பாதிப் பேருக்குத் தெரிந்த குரல். “இங்க வாங்க பாய்.”

ஜாபர் ஒரு கணம் தயங்கினார். பிறகு இலையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, மிச்சச் சோற்றைச் சகனில் கொட்டிவிட்டு, பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார். தனபாலன் ஜாபர் கை பட்ட அந்தச் சோற்றையே அள்ளிச் சாப்பிட்டார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.