பத்துக்குப் பத்து தப்பு

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், எங்கள் வீட்டுக்கு ஒரே மாதிரி இரண்டு கறுப்புப் பெட்டிகள் வந்தன. ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் முதல் மாடி வீடு எங்களுடையது. நெமிலிச்சேரியிலிருந்து ஸ்கூட்டரில் அவற்றைக் கொண்டுவந்தவர் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. கல்யாண மண்டபங்களுக்கு மைக் செட் போடுகிறவர். யாரோ சிநேகிதர் விற்கிறாராம், அப்பா கேட்டுப் பார்த்துவிட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளலாமாம்.

மாமா அதை 'டேக்' என்றார். எனக்கு விளங்கவில்லை என்றதும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கம்ப்யூட்டர்ல பாட்டு வெறும் நம்பராத்தான் கீதும்மா. அத்த சத்தமா மாத்தி ஸ்பீக்கருக்குத் தர்றது இந்தப் பொட்டி. உள்ள ரெசிஸ்டருங்க ஏணி மாரி வரிசையா கீது. நம்பரு அதுல எறங்கி வந்து பாட்டா ஆவுது" என்றார். ஏழும் ஒன்பதும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்குவதாக நான் நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு அது ஏணிப் பெட்டி.

ஒரு பெட்டியில் ஏணியின் ஒவ்வொரு படியையும் அளந்து, பொறுக்கிப் போட்டிருந்தார்களாம். மற்றதில் கைக்கு வந்ததைப் போட்டிருந்தார்களாம். அந்த மட்டமான பெட்டியில் பாட்டு தொடங்கும் முன்னும் நடுவில் வாத்தியங்கள் நிற்கும்போதும், தூரத்து வீட்டுக் குக்கர் விசிலுக்குத் தயாராவது போல மிகச் சன்னமாக ஒரு 'ஸ்ஸ்' வரும். மாமா இதைச் சொன்னபோது அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு என்ஜின்களை ஓட்டிப் பார்க்கும் ஷெட்டில் வேலை. இருபது வருஷமாக அதே ஷெட். அந்த நாட்களில் எங்கள் டிவி வீட்டுக்கு மட்டும் பாடவில்லை. "கீழ் வீட்டுக்காரங்க அவங்க டிவிய வித்துடலாம்" என்பாள் அம்மா. அவள் எதையாவது சொன்னால், "வாயைத் திறந்து பேசேன்" என்று அப்பா எரிந்து விழுவார். அவரோடு அதே ஷெட்டில் நின்ற ஒரு அங்கிளுக்குக் காது மந்தமாகிவிட்டதென்று ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அவரிடம் பேச வேண்டுமென்றால் தோளைத் தட்ட வேண்டும். அப்பாவுக்கும் திங்கட்கிழமை காது பரிசோதனை என்று ஒரு சீட்டு வந்து காலண்டர் ஆணியில் தொங்கியது. பள்ளியில் நகம் பார்ப்பதுபோல அங்கே காது சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என நினைத்து, பஞ்சுக் குச்சி டப்பாவை எடுத்து அவர் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சனிக்கிழமை ஆயுத பூஜை. காலையில் அப்பா இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிக் கேட்டார். இடது பக்கம் இருப்பது ஒன்று, நல்லது. வலது பக்கம் இருப்பது இரண்டு, இரைச்சல் பெட்டி. "கேக்குது, கேக்குது" என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. எது எது என்று தெரிந்துகொண்டு கேட்டால் கேட்பது போலத்தானே இருக்கும், தெரியாமல் கேட்க வேண்டும் என்றார்.

அதற்குள் பூஜை வேளை. அம்மா தையல் மிஷின், அரிவாள்மணை, ஸ்கூட்டர் சாவி, என் ஜியாமெட்ரி பாக்ஸ் என்று வீட்டில் ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஏணிப் பெட்டிகளுக்கும் பொட்டு கிடைத்தது. பூஜை போட்டதை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். என் ஜியாமெட்ரி பாக்ஸும் புத்தகங்களும் அதில் சேர்ந்ததால் நான் அந்தச் சட்டத்தை முழுமனதோடு ஆதரித்தேன்.

சாப்பிட்ட கையோடு அப்பா சட்டத்தை மீறினார். அம்மாவின் பழைய புடவையைக் கொடிக் கயிற்றில் தொங்கவிட்டு மறைப்பு கட்டினார்.

"சாமி கும்பிட்ட சாமானை இன்னிக்கே எடுக்கணுமா? நாளைக்கு எடுத்தா ஓடியா போயிடும்?" என்றாள் அம்மா. அப்பா புடவையின் சுருக்கத்தை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். காதில் விழவில்லையா, விழாத மாதிரி இருந்தாரா என்பது தெரியவில்லை.

ஃபேனை அணைத்தாயிற்று. புடவைக்கு இந்தப் பக்கம் நான், பெட்டிகள். அந்தப் பக்கம் அப்பா, கண்ணை மூடிக்கொண்டு. பத்து தடவை, என் இஷ்டப்படி ஏதாவது ஒரு பெட்டியில் வயரைச் செருக வேண்டும். மாற்றாவிட்டாலும் பிடுங்கித் திரும்பச் செருக வேண்டும், சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். அவர் "ஒண்ணு" அல்லது "ரெண்டு" என்பார். நோட்டில் டிக்கோ தப்போ சிவப்புப் பேனாவால் போடுவது நான். எனக்கு எந்தப் பெட்டியில் என்ன இரைச்சல் என்ற கவலையே இல்லை. கேட்பது அவர் வேலை, திருத்துவது என் வேலை.

முதல் நான்கு தப்புகளை எங்கள் கணக்கு மிஸ் மாதிரி ஆனந்தமாகப் போட்டேன். ஐந்தாவதில் பாவமாக இருந்தது. ஏழாவதில் ஒரு டிக் போட்டுவிடலாமா என்று கை துடித்தது. போடவில்லை. நேர்மை எல்லாம் ஒன்றும் இல்லை, மாமா வந்து சரிபார்த்தால் மாட்டிக்கொள்வேனே என்ற பயம்தான்.

"எத்தனை?" என்றார் அப்பா.

"ஒண்ணுமே சரியில்லப்பா."

நோட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். டீ ஆறிப்போனது. "பூஜை சாமானைத் தொட்டா இப்படித்தான்" என்று ஆரம்பித்த அம்மா, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு கூட வரல. எனக்குக் கேக்குறதா நெனச்சுக்கிட்டு இருக்கேன் போல" என்றார் அப்பா. அம்மா அவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். ஒரு பெட்டியைக் கண்டுபிடிக்க முடியாததற்கு இவ்வளவு துக்கமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் சுண்டலுக்கு மாமா வந்தார். நோட்டைக் கையில் எடுத்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"சிரிக்காதடா" என்றார் அப்பா.

"சிரிக்காம இன்னா மாமா பண்றது? காது கேக்காதவன் குருட்டாம்போக்குல சொன்னாலே நாலோ அஞ்சோ சரியா பூடும். பத்துக்குப் பத்து தப்பா சொல்றதுக்கு சோக்கான காது வோணும். பொட்டிய எவனோ மாத்தி வச்சிகீறான்."

அம்மா கரண்டியோடு வந்தாள். "தொடச்சுப் பொட்டு வச்சது நான்தான். எடம் மாறிப்போச்சோ?" என்றாள். மாமா பெட்டிகளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். இரைச்சல் பெட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் கால் விழுந்திருக்கும், அது அவருக்குத் தெரியும். அந்த மூன்று கால் பெட்டி இடது பக்கம் இருந்தது.

மாமா அதை வலது பக்கம் மாற்றி வைத்தார். அப்பா எழுந்து வந்து மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை ஒன்பது டிக். தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்த நேரத்தில் ஒன்று மட்டும் தப்பாகிப்போனது. "மணி கேட்டுதா உங்களுக்கு? எனக்கு நல்லா கேட்டுது" என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். அப்புறம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வியர்வை என்று நினைத்தேன். பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு எங்களைக் கூட்டிப்போய், எனக்கு ஜலதோஷம் என்பதையும் மறந்து இரண்டு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நிம்மதியான சாயங்காலத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் மாமா இரண்டு பெட்டிகளையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். "ஏம்ப்பா வாங்கல?" என்று கேட்டேன். "நம்ம பழசே போதும்மா" என்றார். அவ்வளவு கஷ்டப்பட்டு வயர் மாற்றிய எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை அப்பா என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். பத்து சிவப்புத் தப்பு போட்ட தாள். தப்பு வாங்கிய பேப்பரை ஒளித்து வைப்பார்கள், யாராவது டாக்டரிடம் கொண்டுபோவார்களா? ஒன்பது டிக் தாளைக் கிழித்துக்கொண்டு படியில் ஓடினேன். "அப்பா, நல்ல பேப்பர் இது."

ஸ்கூட்டரைக் கிளப்பியபடி சிரித்தார். "எனக்கு அதுதாம்மா நல்ல பேப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் பால்கோவாவோடு வந்தார். காது நன்றாக இருக்கிறதாம். அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். நான் பால்கோவாவைத் தின்றுகொண்டே யோசித்தேன். பத்தும் தப்பாக இருந்த அந்தப் பேப்பரைப் பார்த்து டாக்டர் எப்படிப் பாஸ் போட்டார் என்பது எனக்கு வெகுநாள் விளங்கவே இல்லை.